எவ்வளவு கொடுக்கும்?

கொட்டாம்பட்டிப் பக்கம் வாசலில் புது வண்டி நின்றால், பார்க்க வருபவர் முதலில் கேட்பது "எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். மைலேஜை வைத்தே வண்டி வாங்கும் இந்தப் பழக்கத்தைக் கஞ்சத்தனம் என்று ஒதுக்க முடியாது. தென்னையையும் கூலி வேலையையும் நம்பிய குடும்பத்துக்கு வண்டியின் விலை ஒருமுறைச் செலவு. பெட்ரோல் அன்றாடச் செலவு. விளம்பரத்தில் மயங்கி அகலக்கால் வைத்துவிடாமல் பலரைக் காத்தது இந்தக் கேள்விதான். ஆனால் அது மற்ற கேள்விகளை எல்லாம் விழுங்கிவிட்டது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். மேலூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மாதம் 25 நாளுக்கு 1,250. லிட்டருக்கு 60 கொடுக்கும் வண்டிக்கு 21 லிட்டர் போதும். 40 கொடுப்பதற்கு 31 வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம். பெரிய தொகைதான். தோப்புக்கும் கடைவீதிக்கும் பத்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கோ மாதம் 250 ரூபாய்கூட மிஞ்சாது. அவருக்குத் தேவை சுமை தாங்கும் வண்டி. 1911-இல் மதுரையில் தோன்றிய டி.வி.எஸ். குழுமம் 1980-இல் கொண்டுவந்த மொபெட்டின் வாரிசான எக்ஸ்.எல். 100, தொண்ணூறு கிலோ எடைகூட இல்லை. காலடியில் தட்டையான தளம்; ஒரு மூட்டை தேங்காயை அங்கேயே நிறுத்தலாம். அதே மூட்டையை பைக்கின் டேங்க் மேல் வைத்தால் ஹேண்டில் திரும்பாது.

இனி, மைலேஜால் உண்மையாகவே லாபம் அடைகிறவரைப் பாருங்கள். நெடுந்தூரம் ஓட்டுகிற அவர்தான் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே போகிறார். அங்கே முதலில் வேண்டியது பிரேக். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். 2019 முதல் கட்டாயம். அதற்குக் கீழே சி.பி.எஸ். போதும் என்றது விதி. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுப்பது ஏ.பி.எஸ்.; சி.பி.எஸ். இரண்டு சக்கரங்களுக்கும் பிடியைப் பகிர்வதோடு சரி. 100 சிசி வண்டிகளில் பல முன்சக்கரத்திலும் டிரம் பிரேக்கோடுதான் வருகின்றன.

"ஸ்பிளெண்டர் என்றால் எந்த மெக்கானிக்கும் பிரிப்பார், ஸ்பேர் எங்கும் கிடைக்கும், விற்றாலும் விலை போகும்" என்பார்கள். மறுக்க முடியாத வாதம். ஆனால் அதே வசதிகளோடு முன்சக்கர டிஸ்க் உள்ள 125 சிசி வண்டிகளும் கிடைக்கின்றன. மைலேஜ் கொஞ்சம் குறையலாம். மாதம் இருநூறு, முந்நூறு கூடினாலும் பிரேக்குக்கு அது அதிகமில்லை.

மைலேஜ் பார்க்கும் பழக்கத்தை வெறுத்து மறுகோடிக்குப் போகும் இளைஞர்களும் உண்டு. 2025 செப்டம்பரில் 350 சிசி வரைக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததும் புல்லட் கைக்கு எட்டியதுபோல் தோன்றுகிறது. ஆனால் அந்த வரிசையில் 195 கிலோ எடையுள்ள கிளாசிக் 350-ஐ மண் பாதையில் தள்ளித் திருப்புவது எளிதல்ல. 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடே 75 சிசிக்கு மேல் 150 வரையான வண்டிக்கு 3,851 ரூபாய், அதற்கு மேல் 350 வரை 7,365 ரூபாய். குறைந்த வரியில் மிஞ்சும் பணத்தைப் பெரிய எஞ்சினில் போடாமல், வாங்க நினைத்த சிறிய வண்டியின் டிஸ்க் பிரேக் ரகத்துக்கும் நல்ல ஹெல்மெட்டுக்கும் கொடுங்கள். ஷோரூமில் மைலேஜைக் கேட்கும் முன், முன்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள்.