வைப்பரும் 'சரியான' உதிரிபாகமும்: ஒரு கேட்டலாக்கை வாசித்தல்

பழைய கார்களின் உதிரிபாகக் கேட்டலாக்கை நூலாக மதித்து யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. எண்ணைத் தேடுவோம், கிடைத்ததும் மூடிவைப்போம். ஆனால் ஒரு பழைய கார் எப்படி இருக்க வேண்டும் என்று இன்று தீர்ப்புச் சொல்லும் நூல் அதுதான். 'ஒரிஜினல்', 'சரியான பார்ட்' என்று கார் சீரமைப்பவர்கள் பேசும்போதெல்லாம் விரல் நீள்வது அந்தப் பக்கங்களை நோக்கித்தான். அதை நம்பி நான் தப்பு செய்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

பெரியப்பாவின் கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுக்கு இந்தியாவில் வைத்த பெயர் அது. 1961-லிருந்து சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தயாரித்தது. பல வருடம் ஷெட்டில் கிடந்த வண்டி. எஞ்சின், பிரேக் எல்லாம் ஒருவழியாக முடிந்து, கடைசியில் வைப்பரில் வந்து நின்றது. மோட்டார் இறுகிப் போயிருந்தது. கேட்டலாக் படத்தை வைத்துக்கொண்டு, ஹெரால்டுக்கானது என்று இங்கிலாந்தில் ஒருவர் விற்ற லூகாஸ் டிஆர்3ஏ மோட்டாரை வரவழைத்தேன். பார்க்க அச்சு அசல் பழசு மாதிரியே இருந்தது. மாட்டி ஸ்விட்சைப் போட்டால், பிளேடு கண்ணாடியைத் தாண்டிப் போய் ஓரத்து ரப்பரில் இடித்தது.

புதுப்பேட்டைச் சாமான்களில் கை பழகிய ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். "சார், மோட்டார்ல ஒண்ணும் தப்பில்ல. உள்ள இருக்கற பல்சக்கரம் வேற. பழசைக் குடுங்க, பிரிச்சுப் பாத்துடலாம்" என்றார்.

அவர் சொன்னது புரிய இந்த அமைப்பு வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். மோட்டார் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரத்தில் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி ஓர் ஆணி. அது ஒரு தண்டை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கிறது. தண்டின் மறுமுனையில் வளையும் கேபிள். கேபிளைச் சுற்றித் திருகாணி போலக் கம்பி ஓடுகிறது. குழாய்க்குள் அது போய் வரும்போது, வீல்பாக்ஸ் என்கிற இரண்டு சிறு பெட்டிகளின் பற்களைப் பிடித்துத் திருப்புகிறது. வைப்பர் கை அந்தப் பெட்டியின் அச்சில் உட்கார்ந்திருக்கிறது. ஆணி மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு அகலமாகக் கை வீசும். அந்தக் கோணம் பல்சக்கரத்திலேயே டிகிரியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இருபது டிகிரி வித்தியாசம். கணக்குப் போட்டால், ஒவ்வொரு பக்கமும் பத்து டிகிரி. அச்சிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் பிளேடு நுனியில் அது ஏழு சென்டிமீட்டர். பின்னே இடிக்காமல் என்ன செய்யும்?

இனி விமர்சனத்துக்கு வருகிறேன்.

கேட்டலாக்கின் அழகே அந்தப் பிரித்துப்போட்ட படம்தான். மோட்டார், குழாய், வீல்பாக்ஸ், நட்டு, வாஷர் எல்லாம் அந்தரத்தில் மிதக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எது எதற்குமேல் உட்காரும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. வீல்பாக்ஸ் அச்சைச் சுற்றி வருகிற சாய்வான புஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. பாடியின் சரிவுக்கு ஏற்ற ஏற்பாடு அது. திருப்பி மாட்டினால் அச்சு கோணலாகும், ரப்பர் சரியாகப் படியாமல் தண்ணீர் உள்ளே இறங்கும். எந்தப் பக்கம் வரவேண்டும் என்று எனக்குக் காட்டியது அந்தப் படம்தான். அந்தக் கடனை மறுக்கவில்லை.

ஆனால் படத்தில் அளவு இல்லை. அச்சின் தடிப்பு, அதன் வரிப்பற்களின் எண்ணிக்கை, கையின் நீளம், வீச்சின் கோணம், ஓய்வுக்கு நிற்கும் பக்கம் எதுவும் இல்லை. இருப்பது எண் மட்டும். இதைக் குறை என்று சொல்வதைவிட அதன் இயல்பு என்று சொல்வதே நியாயம். கேட்டலாக், தொழிற்சாலை தன் டீலருக்கு எழுதிய கடிதம். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் எண்ணைப் பார்த்து அலமாரியிலிருந்து டப்பாவை எடுப்பார். டப்பாவுக்குள் இருப்பது சரியாகத்தான் இருக்கும், அளவு எதற்கு? இன்று அந்தக் கவுண்டரும் இல்லை, அலமாரியும் இல்லை. நமக்கு எழுதாத கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நாம் சட்டம் படிக்கிறோம்.

இன்றைய விற்பனைப் பட்டியல்கள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. இங்கிலாந்தில் ஹெரால்ட் 1959 முதல் 1971 வரை வந்தது. 948, 1200, 12/50, 13/60 என்று மாறிக்கொண்டே போன வண்டி. 'ஹெரால்டுக்குப் பொருந்தும்' என்ற ஒற்றை வரி இத்தனையையும் விழுங்கிவிடுகிறது. டிஆர்3ஏ என்பதும் ஒரு மோட்டாரின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். எம்ஜிபி உட்பட எத்தனையோ வண்டிகளில் அது ஓடியது. வெளித்தோற்றம் ஒன்று, உள்ளே கோணம் வேறு. அடையாளம் மோட்டாரின் உறையில் குத்தியிருக்கும் லூகாஸ் எண்ணிலும் தேதியிலும் இருக்கிறது. நான் படத்தைப் பார்த்தேனே தவிர, ஷெட்டில் கிடந்த சொந்த மோட்டாரைத் துடைத்து அந்த எண்ணைப் படிக்கவில்லை. விற்றவர் மேல் பழி போட எனக்கு வாயில்லை.

இதில் நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. வண்டலூர் ஹெரால்ட், இங்கிலாந்து ஹெரால்டின் நகலாகவே கடைசிவரை இருக்கவில்லை. உள்ளூர்ப் பாகங்கள் கூடிக்கொண்டே போயின. லூகாஸ் டிவிஎஸ் பாடியில் தொடங்கியதும் அதே 1961-ல்தான். நான்கு கதவு ஹெரால்ட் இங்கே வந்தது, இங்கிலாந்தில் வரவில்லை. அப்படியிருக்க, இங்கிலாந்து கேட்டலாக்கில் இல்லாத ஒரு பாகம் நம் வண்டியில் இருந்தால் அதைப் 'போலி' என்று கழற்றி எறிவது என்ன நியாயம்? அது அந்த வண்டி பிறந்த ஊரின் சாட்சியாகவும் இருக்கலாம். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவாவின் துரின் சாசனமே, புழக்கத்தில் இருந்த காலத்தில் வண்டியில் நடந்த மாற்றங்கள் அதன் வரலாற்றின் பகுதி என்று ஏற்கிறது. இங்கே 'ஒரிஜினல்' பேசும் பலர் அந்த அளவுக்குக்கூட இறங்கி வருவதில்லை.

உடனே மறுதரப்பு வரும்: "ஓடினா போதும் சார், புது கார் மோட்டாரை எடுத்து மாட்டிடுங்க." இதையும் ஏற்க முடியவில்லை. அந்த மோட்டாரை உட்கார வைக்கப் பாடியில் புதிதாக ஓட்டை போட வேண்டும். போட்ட ஓட்டையைத் திரும்பப் பெற முடியாது. பல்சக்கரத்தை மாற்றினால் நாளைக்கு இன்னொருவர் மறுபடி மாற்றிக்கொள்ளலாம். எனக்கு எல்லைக்கோடு அங்கேதான்.

ஆகவே 'சரியான பார்ட்' என்பதற்கு என் விடை இது. முதல் சாட்சி வண்டி, கேட்டலாக் இரண்டாம் சாட்சி. முதலில் பழையதை அளந்து எழுது, எண்ணைப் படி, பிறகு படத்தோடு ஒப்பிடு. தேய்ந்ததையும் உடனே தூக்கிப் போடாதே. வீல்பாக்ஸ் பல்சக்கரம் முழு வட்டம் சுற்றுவதில்லை. ஒரு பக்கத்துப் பற்கள் மட்டுமே தேயும். கழற்றி அரைவட்டம் திருப்பி மாட்டினால் தேயாத பற்கள் வேலைக்கு வரும். இதைக் கேட்டலாக் சொல்லாது, அது புதியதை விற்க எழுதியது. மெக்கானிக்தான் சொன்னார், செய்தும் காட்டினார்.

பழைய பல்சக்கரம் புது மோட்டாருக்குள் போனது. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்தேன். பெரியப்பா அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "மழையில ரோடு தெரியணும்டா, எனக்கு அவ்வளவுதான்" என்றார். ஐப்பசி மழையில் தாம்பரம் வரை ஓட்டிக்கொண்டு போனோம். ரப்பருக்கு இரண்டு விரல் இடைவெளியில் பிளேடு நின்று திரும்பியது. ரோடு தெரிந்தது.