பின்படுதாவும் நிலமும்: அனிமேஷன் பின்புலம் குறித்துச் சில குறிப்புகள்

அனிமேஷன் என்று பேச்சு வந்தாலே பாத்திரம் ஒழுங்காக அசைகிறதா, வாய் குரலோடு சேர்கிறதா, முகம் நிஜம்போல இருக்கிறதா என்பதோடு நம் விமர்சனம் படுத்துக்கொள்கிறது. 2014இல் 'கோச்சடையான்' வந்தபோதும் இதுதான் நடந்தது. ரஜினி முகம் ரஜினி மாதிரி இருக்கா இல்லையா என்று அடித்துக்கொண்டார்கள். அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த கோட்டை எந்த நாட்டுக் கோட்டை, மலை எந்த மண்ணின் மலை என்று கேட்க ஆளில்லை. இரண்டு நாடுகளின் பகைதான் கதை. அங்கே யார் உழுதார்கள், எதை விதைத்தார்கள் என்பது மனதில் பதிவதே இல்லை. படத்தின் சிக்கல் முகத்தில் அல்ல, இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஸ்டூடியோக்களில் இந்த வேலைக்கு 'பி.ஜி.' என்று பெயர். கோட்டுப்படமாக ஒரு லேஅவுட் வரும். அதன்மேல் வானம், தூரத்து மலை, நடுவாந்திர மரங்கள், முன்னால் புதர் என்று தனித்தனி லேயர்களில் வண்ணம் ஏற்றவேண்டும். கேமரா நகரும்போது புதர் வேகமாகவும் மலை மெதுவாகவும் நகர்ந்தால் ஆழம் கிடைத்துவிடும். 1937இல் டிஸ்னி 'தி ஓல்டு மில்' படத்துக்குக் கண்ணாடித் தகடுகளில் எழுதி அடுக்கிச் செய்த அதே வித்தைதான். இப்போது கண்ணாடி கணினிக்குள் போய்விட்டது. பாத்திரம் துலங்கவேண்டும் என்பதால் பின்புலத்தின் நிறம் மங்கி, கோடு மெலிந்து, அடங்கி நிற்கவேண்டும் என்பது பாலபாடம்.

இந்த அடக்கம் படத்துக்குள் மட்டும் நின்றுவிடவில்லை. 'பாம்பி' (1942) படத்தின் காட்டுக்கு அந்த மூட்டத்தையும் வெளிச்சத்தையும் கொடுத்தவர் டைரஸ் வோங் என்ற சீனக் குடியேறி. இலை இலையாக எழுதாமல், பழைய சீன ஓவிய மரபிலிருந்து எடுத்த நாலு தீற்றலில் காட்டை உணரவைத்தார். மொத்தப் படத்தின் தோற்றத்தையே தீர்மானித்தவருக்குப் பெயர்ப் பட்டியலில் கிடைத்தது பின்புல ஓவியர்களில் ஒருவர் என்ற இடம். 1941 வேலைநிறுத்தத்தை ஒட்டி வேலையும் போயிற்று. பின்புலம் எழுதுகிறவன் பின்னாலேயே நிற்கவேண்டும் என்ற ஏற்பாடு பழையது.

நமக்கும் இது புதிய தொழிலல்ல. கம்பெனி நாடகக்காரர்கள் ஊர் ஊராகச் சுருட்டிக்கொண்டு போன சீன் திரைகள் இருந்தனவே: ஒரு தர்பார், ஒரு நந்தவனம், ஒரு தெரு, ஒரு காடு. ராமன் போனதும் அந்தக் காட்டுக்குத்தான், நளன் போனதும் அந்தக் காட்டுக்குத்தான். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிவந்த கொண்டையராஜு 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட, அந்தத் திரைகளின் தடாகமும் நந்தவனமும் காலண்டருக்குள் நுழைந்து முருகனுக்கும் லட்சுமிக்கும் பின்னால் போய் நின்றன. நம் வீட்டுச் சுவருக்கெல்லாம் வந்து சேர்ந்தன. 'அழகான இடம்' என்றால் நமக்கு என்ன தோன்றவேண்டும் என்பதை ஒரு படுதா தீர்மானித்துவிட்டது.

சேலத்தையே எடுத்துக்கொள்வோம். மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். சேலத்துக்காரர்கள் முதன்முதலாக வண்ணத்தில் உருவாக்கிக் காட்டிய நிலம் அரேபியா! பிறகு சென்னையின் பென்டாமீடியா 2000இல் கணினியில் செய்த முழுநீளப் படம் எது? சிந்துபாத். தொழில்நுட்பம் தலைகீழாக மாறியிருக்கிறது, படுதா மாறவில்லை. அரேபியாவை எழுதுவது குற்றமென்று நான் சொல்லவில்லை. சொந்த நிலத்தை எழுதத் தகுந்ததாகவே நினைக்காத மனநிலையைத்தான் சொல்கிறேன்.

சரி, ஜலகண்டாபுரம் பக்கத்துக் கூத்தில் என்ன செய்கிறார்கள்? எழுதிய படுதா கிடையாது. வேஷக்காரர் வரும்போது இரண்டு பேர் பிடிக்கிற ஒரு துணி, அவ்வளவுதான். கட்டியங்காரன் கேட்கிறான், ராஜா சொல்கிறார். சொன்ன இடம் அங்கே வந்துவிடுகிறது. ஒரு சுற்று சுற்றிவந்தால் அஸ்தினாபுரம் வனமாகிவிடும். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் படுகளத்தன்று மண்ணால் துரியோதனனைக் கிடத்துகிறபோது, நேற்றுவரை மாடு கட்டிய பொட்டல்தான் குருக்ஷேத்திரம். நிலம் அங்கே பிரதிக்குப் பின்னால் இல்லை, பிரதியே அதன்மேல்தான் நடக்கிறது.

திணை என்று நாம் படித்ததும் இதைத்தான். நிலமும் பொழுதும் முதற்பொருள்; ஆள் பிறகு. குறிப்பாகப் பாலை. அதற்கென்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலை என்கிறது சிலம்பு. பின்புலம் எழுதும் ஒருவருக்கு இது உடனே புரியும்: லேஅவுட் அதேதான், வண்ணத் திட்டம் மட்டும் மாறுகிறது. ஐப்பசியில் பச்சையாக நிற்கும் நிலக்கடலைக் காடு பங்குனியில் செம்புழுதியாகக் கிடக்கிற எங்கள் பக்கத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். (புலவர்களே திணையைப் பின்னாளில் படுதாவாக்கிக் கடலைப் பார்க்காமல் நெய்தல் பாடினார்கள் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.)

முடியாத காரியமல்ல இது. கீதாஞ்சலி ராவின் 'பாம்பே ரோஸ்' (2019) டிஜிட்டலில்தான், ஆனால் கையால் எழுதப்பட்டது. பூ விற்கிறவர்கள் படுத்துறங்கும் தெரு அதில் அலங்காரமல்ல. அந்தத் தெருவை உருவிவிட்டால் கதையே இல்லை. தமிழில் அப்படி ஒன்று இன்னும் வரவில்லை. வருவதற்குள் கட்டளை கொடுத்தால் படம் போட்டுத்தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. 'தமிழ்நாட்டுக் கிராமம்' என்று கேட்டுப் பாருங்கள்: பனைமரம், குடிசை, கிணறு, மாட்டுவண்டி, அஸ்தமனம். காலண்டரேதான். விசைத்தறிக் கொட்டகையின் சிமெண்ட் அட்டைக் கூரை வராது, சீமைக்கருவேலம் வராது, சேரி வரவே வராது.

எங்கள் ஊர்த் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் வெளியூரில் இந்த வேலையில் இருக்கிறான். வெளிநாட்டுத் தொடர்களுக்குப் பனிமலையும் பைன்மரமும் எழுதி எழுதி, இப்போது கண்ணை மூடிக்கொண்டு பைன் போடுவான். வேலம் போடவேண்டுமென்றால் போட்டோ தேடுகிறான். ஒருமுறை மாதிரிக்காக, விடியலில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டிக் கஞ்சி போடும் காட்சியை எழுதிக் காட்டியிருக்கிறான். விசைத்தறி பெருகியபின் அருகிவரும் காட்சி. மேலே இருந்தவர் பார்த்துவிட்டு, "நடுவுல இடமே இல்லையே, கேரக்டர் எங்க நிக்கும்?" என்றாராம்.

"நடுவுல நிக்க முடியாதுங்க சார், நூல் அந்துபோயிரும். இந்தத் தெருவுல யாரா இருந்தாலும் ஓரமாத்தான் போவணும்" என்று இவன் சொல்லியிருக்கிறான். படம் நிராகரிக்கப்பட்டது.