ஸ்பேஸ்வார்: சேர்த்ததும் தூக்கியதும்

அக்கா பையன் கடைசி வருஷ புராஜெக்டுக்கு ஆடுபுலி ஆட்டத்தை மொபைல் கேமாகப் பண்றான். 3 புலி, 15 ஆடு, எல்லாம் ஒழுங்காக ஓடுது. போன ஞாயிறு முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்தவன், "ரிவியூல எக்ஸ்ட்ரா ஃபீச்சர் கேக்குறாங்க மாமா" என்று ஒரு பட்டியலை நீட்டினான். காயின், ஸ்கின், லீடர்போர்டு, மழை எஃபெக்ட். எதைச் சேர்ப்பது? நான் 1962-இல் வந்த ஸ்பேஸ்வாரைத் திறந்து காட்டினேன்.

எம்.ஐ.டி.யின் பிடிபி-1 கணினியில் ஸ்டீவ் ரஸ்ஸல் எழுத, நண்பர்கள் ஆளுக்கொன்றாகச் சேர்த்த ஆட்டம். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட வேண்டும், அவ்வளவுதான். வெற்றுத் திரையில் மெதுவாக நகரும் கலத்தின் வேகம் பிடிபடவில்லை என்று பின்னணியில் நட்சத்திரப் புள்ளிகள் வந்தன. பீட்டர் சாம்சன் அவற்றை எடுத்துவிட்டு நிஜ வானத்தையே வைத்தார். அழகான வேலை, ஆனால் ஆட்டத்தை அது தொடவில்லை என்பேன். டான் எட்வர்ட்ஸ் சேர்த்தது வேறு ரகம். நடுவில் ஒரு சூரியன், அதற்கு ஈர்ப்பு. சும்மா நின்றால் உள்ளே இழுத்துவிடும். இனி எப்போது சுடுவது என்பதோடு எப்படிச் சுற்றி வருவது என்றும் யோசிக்க வேண்டும். கணக்குப் போட நேரம் போதாததால் குண்டுகளுக்கு மட்டும் ஈர்ப்பு கிடையாது. இயற்பியல்படி தப்பு, ஆட்டத்துக்குச் சரி.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது தூக்கப்பட்ட ஒன்று. ரஸ்ஸல் முதலில் குண்டுகளை அவ்வப்போது சொதப்புகிற மாதிரி வைத்திருந்தார். ஆடியவர்களுக்குப் பிடிக்கவில்லை, எடுத்துவிட்டார். மார்ட்டின் கிரேட்ஸ் சேர்த்த ஹைப்பர்ஸ்பேஸும் குருட்டு அதிர்ஷ்டம்தான்: மறைந்து எங்கோ முளைப்போம், வெடித்தும் போகலாம். அது மட்டும் ஏன் நிலைத்தது? பொத்தானை அமுக்குவது ஆடுபவர். அந்தக் குண்டு விஷயத்தில் அவரை யாரும் கேட்கவில்லை.

இதை வைத்துப் பார்த்தால் பையனின் பட்டியலில் ஒன்றுமே தேறவில்லை. ஏலம் வை என்றேன். "14 ஆட்டுலயே புலிய அடைச்சிடுவேன்", "நான் 13": குறைவாகக் கேட்டவருக்கு ஆடு, மற்றவருக்குப் புலி. ஒரு திரை, ஒரு எண், அரை நாள் வேலை. நானும் அவனும் காகிதத்தில் ஆடிப் பார்த்தோம். பேராசையில் 11 கேட்டு நான் தோற்றேன்.

"நல்லாதான் இருக்கு மாமா. ஆனா அவங்க ஃபீச்சரை எண்ணித்தான் மார்க் போடுவாங்க" என்றான். ஏலத்தோடு மழையும் பெய்கிறது இப்போது.