திங்க்பேட் டி420: எழ மறுக்கும் கிழவரை எழுப்புவது

"லேப்டாப் ஆன் ஆகலை." கடைக்காரரிடம் சொல்லப்படும் இந்த மூன்று சொற்களுக்குள் நான்கு வியாதிகளாவது ஒளிந்திருக்கும். பட்டனை அழுத்தினால் விளக்குகூட எரியாது. அல்லது விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். சிலது கம்பெனிப் பெயரைக் காட்டிவிட்டு அங்கேயே உறைந்துவிடும். சிலதில் விண்டோஸ் புள்ளிகள் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமலே 'மதர்போர்டு போயிடுச்சு' என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே பழைய இரும்புக் கடைக்குப் போன லேப்டாப்கள் ஏராளம்.

இந்த விஷயத்தில் 2011இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி420 நல்ல பாடப்புத்தகம். இரண்டாம் தலைமுறை இன்டெல் கோர் சிப், 14 அங்குலத் திரை, ஏழு வரிசைக் கீபோர்டு என்று அன்றைய அலுவலகங்களுக்காகச் செய்யப்பட்டது. செகண்ட் ஹேண்ட் சந்தையில் இன்றும் கண்ணில் படுகிறது. இதன் பெருமை வேகத்தில் இல்லை. திறப்பதற்கு இது காட்டும் தாராளத்தில் இருக்கிறது. பின்பக்கத் தாழ்ப்பாளை நகர்த்தினால் பேட்டரி கையோடு வந்துவிடும். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முறையைப் படத்தோடு விளக்கும் பராமரிப்புக் கையேட்டை நிறுவனமே பொதுவில் வைத்திருக்கிறது.

விளக்கே எரியாவிட்டால் முதலில் சார்ஜரைச் சந்தேகிக்க வேண்டும். இதன் சார்ஜர் 20 வோல்ட்; மல்டிமீட்டர் வைத்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அது சரியாக இருந்தால், சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் பார்க்கலாம். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்ததும் எழுந்துகொள்ளும் லேப்டாப்கள் நிறைய. மந்திரம் போலத் தோன்றும், ஆனால் மின்சுற்றைக் கட்டுப்படுத்தும் சிறு சிப் புதிதாகத் தொடங்குகிறது, அவ்வளவுதான். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். அதை மறுபடி செருகவே கூடாது.

விசிறி சுற்றியும் திரை கறுப்பு என்றால் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடிக்க வேண்டும். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் போனது திரையின் பின்விளக்கு. மதர்போர்டைத் திட்ட வேண்டியதில்லை. ஒன்றுமே தெரியாமல் பீப் ஒலி மட்டும் கேட்டால் ரேமைப் பார்க்கலாம். டி420இல் ஒரு ரேம் ஸ்லாட் அடிப்பக்க மூடிக்குள், மற்றது கீபோர்டுக்குக் கீழே. கழற்றி, தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் கடைகளிலும் நடக்கும் வைத்தியம். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழக் கூடாது.

திங்க்பேடிடம் ரசிக்கத்தக்க குணம் ஒன்று உண்டு: வலி எங்கே என்று அதுவே வாய்விட்டுச் சொல்லும். திரையில் 0271 என்று வந்தால் தேதியும் நேரமும் தப்பு. பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல் தீர்ந்திருக்கும். எஃப்1 அழுத்தித் தேதியைத் திருத்தலாம், ஆனால் மின்சாரம் முழுவதும் நின்றால் மறுபடி அதே கதை. கடிகாரம் பின்தங்கிய லேப்டாப்பில் வங்கித் தளங்கள்கூட 'பாதுகாப்பற்றது' என்று கதவடைக்கும். பலர் அதை வைரஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடிகாரக் கடை செல்லை வாங்கி அப்படியே மாட்டிவிட முடியாது. இதற்குக் கம்பியும் கனெக்டரும் சேர்ந்த செல் வேண்டும். சாதாரணச் செல்லின் மேலேயே சால்டர் வைப்பது ஆபத்து.

'ஃபேன் எரர்' என்று காட்டிவிட்டு அணைந்தால், பிடிவாதம் அல்ல, தற்காப்பு. விசிறி சுற்றாமல் ஓடினால் சிப் சூடேறும் என்பதால் தொடங்கவே மறுக்கிறது. பலமுறை தூசிதான் காரணம். காற்றடிக்கும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும்; பம்பரமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும். விசிறியையே மாற்ற வேண்டியிருந்தால் டி420 தன் தாராளத்தை அங்கே நிறுத்திக்கொள்கிறது. உள்ளே வெகுதூரம் போகவேண்டிய வேலை அது. ஸ்க்ரூக்களை வரிசை மாறாமல் வைக்கப் பொறுமை இல்லாதவர்கள் கடைக்குக் கொடுத்துவிடுவது மேல்.

2100 என்ற எண் வந்தால் மட்டும் அவசரப்பட வேண்டும். ஹார்ட் டிஸ்க்கை இயந்திரத்தால் அடையாளம் காண முடியவில்லை என்று அர்த்தம். கழற்றிச் சரியாகச் செருகியும் போகாவிட்டால், விண்டோஸை மறுபடி ஏற்றச் சொல்லும் யோசனையைக் கேட்காமல், டிஸ்க்கை வேறு கணினியில் யுஎஸ்பி கேபிளால் இணைத்து முதலில் படங்களையும் கோப்புகளையும் காப்பாற்ற வேண்டும். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் வந்தால் அதையும் செய்யாமல் தரவு மீட்பவரிடம் போவதே நல்லது.

சரி, செலவு செய்யலாமா? பட்டன் செல், ரேம், விசிறி, எஸ்எஸ்டி வரை தயங்காமல் செய்யலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தச் சிப்பை ஏற்பதில்லை. லினக்ஸ் மின்ட் போட்டால் எழுதவும் படிக்கவும் படம் பார்க்கவும் போதும். சார்ஜர், ரேம், டிஸ்க் மூன்றையும் மாற்றிப் பார்த்தும் எழாமல், போர்டுதான் போனது என்று உறுதியானால், டி420க்கு அதற்குமேல் காசு போட வேண்டாம்.