லோடு வரும்வரை ஒரு பகல்

பகல் நேரத்தில் கனரக லாரிகள் சென்னை நகருக்குள் நுழையத் தடை உண்டு. மாதவரத்தில் வண்டியைப் போட்டுவிட்டு அடுத்த லோடுக்குக் காத்திருக்கும் நாமக்கல் ஓட்டுநருக்கு அதனால் சில நாள் ஒரு முழுப் பகல் கையில் கிடைக்கிறது. பெரும்பாலும் அது தூக்கத்துக்கே போய்விடும், போகவும் வேண்டும். ஆனாலும் குளித்து, சலவைச் சட்டை மாட்டி, கிளீனரைக் காவலுக்கு வைத்துவிட்டு ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மயிலாப்பூர் குளக்கரையில் அப்படி ஒருவரைப் பார்த்தேன். கபாலீசுவரர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றார். "பதினஞ்சு வருசமா மெட்ராசுக்கு வர்றேனுங்க. இன்னைக்குத்தான் பாக்கறனுங்க" என்றார். நாக்பூர், சூரத் எல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் எல்லா ஊரிலும் அவர் அறிந்தது புறவழிச்சாலையும் தாபாவும் எடைமேடையும்தான். கோயிலுக்குள் புன்னை மரத்தடியில் அவர் உட்கார்ந்த விதத்தில் அவசரமே இல்லை. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கைகள் மடியில் சும்மா கிடந்தன.

பிறகு நானும் அவருடன் கிளம்பினேன். தி.நகர் ரங்கநாதன் தெருவில் அவர் மகளுக்கு வளையல். மாலையில் பெசன்ட் நகர் கடற்கரை. அங்கே நிற்கும் வெள்ளை நினைவுச் சின்னம், 1930-ல் மற்றவர்களைக் காப்பாற்றப் போய்க் கடலில் மாண்ட டேனிஷ் மாலுமி ஷ்மிட்டுக்கானது. எங்கிருந்தோ வந்தவனை இந்த ஊர் மறக்கவில்லை என்று சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் அருகே போய் நின்றார்.

கைப்பேசி அடித்தது. லோடு ரெடி.