கணினி அறைச் சாவி

பி.எட். மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளை நீட்டுகிறார்கள். கணினி கற்பித்தலை எளிதாக்குமா, கருவிகளைக் கையாளத் தயக்கம் உண்டா என்று வரிசையாக வாக்கியங்கள். எதிரே ஐந்து கட்டங்கள்: 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை. 1932இல் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் கொண்டுவந்த அளவுகோல். எம்.எட். ஆய்வேடுகள் பலதும் இதை வைத்துத்தான் ஓடுகின்றன. ஆணா பெண்ணா, கிராமமா நகரமா, சிலவற்றில் எந்தச் சாதிப் பிரிவு என்றும் பிரித்துக் கூட்டிக் கழித்து, 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று எழுதி, பைண்டு போட்டு அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். வேறுபாடு வந்துட்டா இன்னும் மோசம். சேரியிலிருந்து வந்தவருக்குத் தொழில்நுட்பத்தின்மேல் 'எதிர்மறை மனப்பான்மை'யாம். நோய் அவன் மண்டைக்குள்ளேயே இருக்கு என்று முடிந்தது கதை.

எங்க கேள்வி வேற. அந்தப் பெட்டியைத் தொட விட்டது யாரை?

பயிற்சிக் காலத்தில் இந்தத் தாளை நானும் நிரப்பியவன். தயக்கம் உண்டு என்ற வரிக்கு எதிரே 'உடன்படுகிறேன்' என்று டிக் போட்டேன். ஏன் என்று எழுத அதில் இடமில்லை. நான் பயிற்சிக்குப் போன பள்ளியில் ப்ரொஜெக்டர் பீரோவுக்குள் இருந்தது. சாவி ஒரு ஆசிரியரின் பையில். என்னோடு வந்த ஊர்த்தெருப் பையன் கேட்டால் 'எடுத்துக்கப்பா' என்பார். நான் கேட்டால், 'நீ சார்ட்டே போட்டுக்க, எதுனா ஆயிட்டா யாரு பணம் கட்டறது?' எதிர்த்துப் பேச முடியாது, மதிப்பெண் அவங்க கையில. வீட்டில் சொன்னேன். 'கெணத்தடியில எங்கள நிக்கவெச்சது மாதிரிதான சொல்றான்' என்றது அம்மா. பள்ளிக்கூடம் போகாத அம்மா.

இதுக்குப் பேரு மனப்பான்மையா? பழுதானால் பழி யார் தலையில் விழும் என்று தெரிந்தவன் போடும் கணக்கு இது. அதே வீட்டில் என் தங்கைக்கு அந்தத் தயக்கம் கிடையாது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவளுக்கு ஒன்று கிடைத்தது. ஸ்குரூவைக் கழற்றி, தூசி தட்டி, தானே மாட்டினாள். யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லையே. 'இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்' என்று அன்று நொட்டை சொன்னவர்கள் வீட்டில் கணினி ஏற்கனவே இருந்தது.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி டி.வி. உள்ள வீட்டுக்குப் பாடத்தைக் கொண்டுவந்தது. திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. செல்போன் வகுப்போ, ஒரே போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் வீட்டில் என்னத்துக்கு ஆகும்? அந்தப் பிள்ளையின் 'மனப்பான்மை'க்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

என்.சி.டி.இ.யின் 2014 விதிகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கின. தகவல் தொழில்நுட்பத்தை விமர்சனத்தோடு புரிந்துகொள்வது என்றே பாடத்திட்டத்தில் ஒரு பகுதி வந்தது. பேரு நல்லாத்தான் இருக்கு. நான் படித்த கல்லூரியில் அது பவர்பாயிண்ட் செய்வதும் ரெக்கார்டு எழுதுவதுமாகப் போனது. விமர்சனத்தை மட்டும் காணோம்.

ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த எம்.எட். நண்பர் ஒருவரிடம், 'சாவி யாரிடம் இருக்கிறது, போன மாதம் எத்தனை முறை உன் கைக்கு வந்தது என்று ரெண்டே கேள்வி சேருங்க' என்றேன். 'கைடு ஒத்துக்க மாட்டாரு தோழர், டூல் ஏற்கனவே ஸ்டாண்டர்டைஸ் பண்ணது' என்றார்.