வேரும் கடவுச்சீட்டும்

நிகோலஸ் கேஜின் 'எலெனி' (1983) இடதுசாரி வாசகருக்குச் சங்கடம் தரும் பிரதி. வடமேற்கு கிரீஸில், அல்பேனிய எல்லையை ஒட்டிய லியா என்ற மலைக்கிராமம். உள்நாட்டுப் போரில் ஊரைப் பிடித்திருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள், குழந்தைகளைக் கிழக்கு ஐரோப்பாவுக்கு அனுப்ப இருந்தார்கள். எலெனி தன் பிள்ளைகளில் நாலு பேரைத் தப்ப வைத்தாள். 1948 ஆகஸ்டில் சுட்டுக்கொன்றார்கள். அதற்கு முன் அவளை அடைத்துவைத்தது அவள் வீட்டு நிலவறையிலேயே. தப்பிய மகன் அமெரிக்காவில் பத்திரிகையாளராகி, வேலையை விட்டு, அம்மாவுக்குத் தண்டனை விதித்தவனைக் கொல்லும் எண்ணத்தோடு தேடிப் போகிறார், கொல்லாமல் திரும்புகிறார்.

'ஏகாதிபத்தியப் பிரச்சாரம்' என்று நம் ஆட்கள் ஒதுக்கிவிடலாம். 1987 டிசம்பரில் ரீகன் தன் உரையில் இந்நூலை எடுத்தாண்டது அதற்கு வசதி. ஆனா எலெனியைச் சுட்டது ரீகன் இல்லையே.

என் சிக்கல் வேறு. 2002-ல் பேத்தி எலெனி கேஜ் லியாவுக்குப் போய், இடிந்து கிடந்த அந்த வீட்டைக் கட்டியெழுப்புகிறார். 'நார்த் ஆஃப் இதாகா' அந்தக் கதை. அமெரிக்காவிலிருக்கும் அத்தைமார் போகவே கூடாது என்கிறார்கள். நூலில் உயிருள்ள இடம் இதுதான். பேத்திக்கு அது பூர்வீக வீடு. அவர்களுக்கு அம்மாவைப் பூட்டிவைத்த இடம். அங்கே வாழாதவருக்குத்தான் 'வேர்' இவ்வளவு தேவைப்படுகிறது. பிரதியோ அவர்களுடைய பயத்தைக் கிராமத்து மூடநம்பிக்கையாக்கி, வேடிக்கையாகக் கடந்துபோகிறது.

சரி, திரும்பிப் போவது யாருக்கு வாய்க்கிறது? தோற்ற தரப்பில் ஸ்லாவ் மொழி பேசிய மாசிடோனியர் கணிசம். அவர்கள் குழந்தைகளும் எல்லை தாண்டிப் போனார்கள். ஊர்களுக்கிருந்த ஸ்லாவ் பெயர்களை 1920களிலேயே அரசு கிரேக்கப் பெயர்களாக்கியிருந்தது. 1982-ல் சோஷலிஸ்ட் அரசு அரசியல் அகதிகள் திரும்பலாம் என்றது. கூடவே ஒரு நிபந்தனை, 'ஜெனோஸ்', அதாவது பிறப்பால் கிரேக்கராக இருக்கணும். சொத்தைத் திருப்பித் தரும் 1985 சட்டத்திலும் அதே சொல். 'இடது' பேசி ஆட்சிக்கு வந்தவர்கள் செய்தது இது! பிறந்த ஊரின் பழைய பெயர் கடவுச்சீட்டில் இருந்ததற்காகவே எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்கும் அதே கதி.

ஒரே போர் சிதறடித்த பிள்ளைகள். ஒரு குடும்பத்துக் கதை அமெரிக்காவில் நூலாச்சு, சினிமாவாச்சு. பேத்தி வந்து கூரையும் போட்டாச்சு. இன்னொருவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தன் ஊர் மலையைப் பார்க்கிறார். இதை வைத்து எலெனியின் சாவைச் சிறிதாக்க நான் தயாரில்லை. ஆனால் பேத்தியின் நூலை மறுபடி எடுத்தபோது, வீடு எழும்பும் பக்கங்கள் பழைய சந்தோஷத்தைத் தரவில்லை. அத்தைமார் 'போகாதே' என்று சொல்லும் பக்கத்துக்கே திரும்பத் திரும்பப் போனேன்.